சோலைக்கிளி கிளியா?

சென்ற வாரம் பெங்களூரில், தேநீர் வேளையில், சூழலியல் பயிலும் தோழி ஒருவர் கைப்பேசியில் ஒரு பறவையின் படத்தைக் காட்டினார். கருநீல உடல், வெண்ணிற வயிறு. ‘சோலக்கிளி’ என்றார். உடனிருந்த தமிழ் மாணவர் உடனே கேட்டார்: “இது கிளி இல்லையே?”

நியாயமான ஐயம். தமிழில் கிளி ஓரினத்தின் பெயர். மலையாளத்திலோ பறவை எதற்கும் வழங்கும் பொதுச்சொல். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளில் உள்ள சோலைக்காடுகளில் மட்டுமே வாழும் இச்சிறு பறவைகளை ஆங்கிலேயர் காலம் முதல் ஒரு பேரினத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஷார்ட்விங் என்றார்கள், பின்னர் ராபின் என்றார்கள். 2017இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று, இவை ஈப்பிடிப்பான்களுக்கு நெருங்கிய தனிப் பேரினம் என்று நிறுவியது. இங்குள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் ஆய்வாளர்களும் அதில் பங்குகொண்டனர். பேரினத்துக்கு அவர்கள் இட்ட பெயர் ‘சோலிகோலா’, அதாவது சோலையில் வாழ்வது. நம் சோலை இலத்தீன் விகுதி ஏற்று அறிவியற்பெயராயிற்று. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஓரினம், தெற்கே ஓரினம், செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே மற்றோரினம். வட்டார வழக்கு எல்லைகளை வரைபடத்தில் குறித்துப் பழகிய எனக்கு இது வியப்பளிக்கவில்லை, மகிழ்ச்சியளித்தது.

பெயரை வரவேற்கிறேன். என் குறை வேறு.

ஈராண்டுகளுக்கு முன் கொடைக்கானலை அடுத்த ஒரு சோலையில் இதே பறவையைக் கண்டேன். வழிகாட்டியாக வந்த பளியர் சமூகத்துப் பெரியவர் முதலில் அதன் குரலைக் கேட்டு நின்றார். புதரைச் சுட்டி ஒரு பெயரைச் சொன்னார். “சரிங்க ஐயா” என்றேன். பிறகு இ-பேர்டு செயலியில் ஆங்கிலப் பெயரைத் தேர்ந்து, எண்ணிக்கை ஒன்று என இட்டு, நடந்தேன். மொழியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன் நான். அவர் சொன்ன சொல் இன்று நினைவில் இல்லை.

உள்ளூர்ப் பெயர்கள் துல்லியமற்றவை, ஒரே பெயர் பல பறவைகளுக்கு வழங்கும், எனவே தரவாகா என்று கருத்தரங்குகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். ராபின் என்ற ஆங்கிலப் பெயர் மட்டும் துல்லியமானதா? ஐரோப்பாவின் ராபின் ஈப்பிடிப்பான் குடும்பம், அமெரிக்காவினது பூங்குருவிக் குடும்பம். குடியேறியவர்கள் சிவந்த மார்பைக் கண்டு ஊர்ப்பெயரைச் சூட்டிவிட்டார்கள். அதைப் பிழை என்று யாரும் ஒதுக்கவில்லை. எவற்றையெல்லாம் ஒரு சமூகம் ஒரே பெயருக்குள் அடக்குகிறது, நிறத்தாலா, குரலாலா, கூடு கட்டும் இடத்தாலா என்பதே அச்சமூகத்தின் வகைப்பாடு. அதைத் தரவல்ல என்று தள்ளுவது சோம்பல்.

தமிழில் பறவைப் பெயர்களைத் தரப்படுத்தும் ஆர்வம் இப்போது பெருகியுள்ளது. நன்று. ஆனால் அறையிலமர்ந்து ஆங்கிலப் பெயரை மொழிபெயர்க்கும் முன் காட்டில் கேட்டாக வேண்டும். இ-பேர்டில் ஒவ்வோர் இனத்துக்கும் குறிப்பெழுத இடம் உண்டு. நம்மில் பெரும்பாலோர் அதை வெறுமையாகவே விடுகிறோம். உடன் வந்தவர் சொன்ன பெயரை, கேட்டபடியே, ஊரோடும் மொழியோடும் அங்கே எழுத அரை நிமிடம் போதும். எழுதலாமா என்று அவரிடமும் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழனி மலைப் பேச்சில் இப்பறவையின் பெயரை அறிந்தவர்கள், எங்கே கேட்டது என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். டிசம்பரில் மீண்டும் அங்கே செல்கிறேன்.