சந்தாவும் சங்கமும்: அமெரிக்க ஆய்வு மாணவர்கள் உணர்த்தும் உண்மை

ஐக்கிய அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் இளமாணி வகுப்புகளுக்குக் கற்பிப்போரிலும், விடைத்தாள் திருத்துவோரிலும், ஆய்வுகூடங்களில் உழைப்போரிலும் கணிசமானோர் பேராசிரியர்கள் அல்லர். கலாநிதிப் பட்டத்துக்காகப் பயிலும் மாணவர்களே. இவர்கள் மாணவர்களா, தொழிலாளர்களா என்ற சர்ச்சை அந்நாட்டில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நீடிக்கின்றது. தொழிலாளர்கள்தான் என்றால், தொழிற்சங்கத்தில் இணைந்து சந்தா செலுத்த வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. எமது நாட்டிலிருந்து பட்டப்பின் படிப்புக்காக அங்கு செல்லும் தமிழ், முஸ்லிம் மாணவர்களும் இக்கேள்வியை எதிர்கொள்கின்றனர். ஆகவே, இது எமக்கு முற்றிலும் அந்நியமான விவகாரம் அன்று.

தனியார் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை, இம்மாணவர்களின் உரிமையைத் தீர்மானிப்பது தேசிய தொழில் உறவுகள் வாரியமாகும். அதன் உறுப்பினர்களை நியமிப்பவர் ஜனாதிபதி. எனவே வெள்ளை மாளிகையில் ஆட்சி மாறும்போது வாரியத்தின் நிலைப்பாடும் மாறுகின்றது. நியூயோர்க் பல்கலைக்கழக வழக்கில் 2000 ஆம் ஆண்டு இவர்களைத் தொழிலாளர்கள் என ஏற்ற வாரியம், பிறவுண் பல்கலைக்கழக வழக்கில் 2004 ஆம் ஆண்டு அதனை மறுத்தது. கொலம்பியா பல்கலைக்கழக வழக்கில் 2016 ஆம் ஆண்டு மீண்டும் ஏற்றுக்கொண்டது. இவ்வாறு ஒரு தீர்ப்பினால் வந்த உரிமை மற்றொரு தீர்ப்பினால் போய்விடலாம் என்பதே யதார்த்தம்.

நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் நடந்தது இதற்குச் சான்று. தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் இத்தகைய மாணவர்களுக்கான முதலாவது கூட்டு ஒப்பந்தம் அங்குதான் 2002 ஆம் ஆண்டு கைச்சாத்தானது. 2005 இல் அது காலாவதியானபோது, பிறவுண் தீர்ப்பைக் கையில் வைத்திருந்த நிர்வாகம் சங்கத்துடன் பேச மறுத்தது. மாதக்கணக்கில் நீடித்த வேலைநிறுத்தமும் பலனளிக்கவில்லை. ஆயினும் சங்கம் கலைந்துவிடவில்லை. 2013 ஆம் ஆண்டு, வாரியத்தின் உத்தரவு எதுவுமின்றியே நிர்வாகம் சங்கத்தை மீண்டும் அங்கீகரிக்க இணங்கியது.

அரச பல்கலைக்கழகங்களின் நிலை வேறானது. அவை அந்தந்த மாநிலச் சட்டங்களுக்கு உட்பட்டவை. விஸ்கொன்சின் மாநிலத்தின் மடிசன் நகரில் 1966 ஆம் ஆண்டு தோன்றிய கற்பித்தல் உதவியாளர் சங்கமே இத்துறையின் மூத்த சங்கம். வேலைநிறுத்தம் செய்து 1970 இல் அது தனது முதலாவது ஒப்பந்தத்தைப் பெற்றது. 2011 இல் அம்மாநிலம் நிறைவேற்றிய சட்டம் அரச ஊழியர்களின் கூட்டுப் பேரம்பேசும் உரிமையை ஏறத்தாழ முழுமையாகப் பறித்ததுடன், சம்பளத்திலிருந்து சந்தாவைக் கழிக்கும் முறையையும் நிறுத்தியது. அதன் பின்னரும் அச்சங்கம் அழியவில்லை. உறுப்பினர்கள் தாமே முன்வந்து வழங்கிய சந்தா அதற்கு உயிர் கொடுத்தது.

2018 ஆம் ஆண்டு ஜேனஸ் வழக்கில் அமெரிக்க உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இவ்விடயத்தை நாடளாவிய பிரச்சினையாக்கியது. அரச துறையில் சங்க உறுப்பினரல்லாத எவரிடமும் கட்டாயக் கட்டணம் அறவிட முடியாது என ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அது தீர்ப்பளித்தது. ஆனால் சங்கம் பெற்றுத்தரும் ஒப்பந்தமோ உறுப்பினருக்கும் உறுப்பினரல்லாதவருக்கும் ஒன்றாகவே பொருந்தும். வடம் பிடிக்காதவருக்கும் தேர் ஓடத்தான் செய்கின்றது. ஆனால் எல்லோரும் அவ்வாறே எண்ணி ஒதுங்கி நின்றால் தேர் நிலையை விட்டு நகராது.

சந்தாவினால் விளைந்த பலனுக்கு கலிபோர்னியா ஓர் எடுத்துக்காட்டு. 2022 நவம்பரில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்களில் ஏறத்தாழ 48,000 கல்விசார் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கற்பித்தல் உதவியாளரின் குறைந்தபட்ச ஆண்டுக் கொடுப்பனவு அப்போது ஏறத்தாழ 23,000 டொலராக இருந்தது. புதிய ஒப்பந்தம் அதனை 2024 ஒக்டோபர் அளவில் 34,000 டொலராக உயர்த்த வழிசெய்தது. அவர்கள் சார்ந்திருந்த ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கத்தின் சந்தா சம்பளத்தில் 1.44 சதவீதம், அதாவது 34,000 டொலருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 490 டொலர். வேலைநிறுத்தக் காலத்தில் அவர்களது அடுப்பு அணையாமல் காத்த உதவித்தொகை, கார்த் தொழிற்சாலைத் தொழிலாளரும் பல்லாண்டுகளாகச் செலுத்திய சந்தாவில் சேர்ந்த நிதியிலிருந்தே வந்தது.

எனினும், சந்தா செலுத்த மறுப்போரின் வாதங்கள் அனைத்தையும் சுயநலம் என ஒதுக்கிவிட முடியாது. சங்கம் சம்பளத்துக்கு அப்பால் அரசியல் நிலைப்பாடுகளையும் எடுக்கின்றது. 2024 ஆம் ஆண்டு பலஸ்தீன ஆதரவுப் போராட்டக்காரர்கள் மீதான அடக்குமுறையைக் கண்டித்து கலிபோர்னியாவில் இதே சங்கத்தினர் வேலைநிறுத்தம் செய்தனர். அதே ஆண்டில் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் யூத மாணவர் சிலர், தமது சங்கம் சார்ந்த அமைப்பின் இஸ்ரேல் தொடர்பான நிலைப்பாட்டை எதிர்த்து மத அடிப்படையில் சந்தா செலுத்த மறுத்தனர். அத்தொகையைத் தர்ம காரியங்களுக்கு வழங்க அவர்களுக்கு இடமளிக்கப்பட்டது. முதலாவது நடவடிக்கையை வரவேற்போர் இரண்டாமவரின் மனச்சாட்சி உரிமையையும் மதித்தாக வேண்டும். உறுப்பினரின் பணத்தில் இயங்கும் சங்கம், அப்பணத்துக்கும் அதன் பெயரால் பேசப்படும் சொல்லுக்கும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டுள்ளது.

இச்சங்கங்களுக்கே உரிய மற்றொரு சிக்கலும் உண்டு. ஆய்வு மாணவர் ஐந்தாறு ஆண்டுகளில் பட்டம் பெற்று வெளியேறிவிடுகின்றார். போராடியவர் பலனை முழுமையாக அனுபவிப்பதில்லை. அனுபவிப்பவர் பெரும்பாலும் போராடியவர் அல்லர். ஆகவே இங்கு சந்தா என்பது வாங்கிய சேவைக்கான விலையன்று. முன்னே சென்றவர்களுக்குப் பட்ட கடனைப் பின்னே வருபவர்களிடம் தீர்ப்பதாகும்.

சம்பளத்தில் சந்தா கழிக்கப்படும் முறையை எமது மலையகப் பெருந்தோட்ட மக்கள் நன்கு அறிவர். சந்தா அறவிடப்படுகின்றது, ஆனால் சங்கத்தின் முகத்தைக் காணமுடிவதில்லை என்ற ஆதங்கத்தையும் அவர்களிடம் நாம் கேட்டு வந்துள்ளோம். சந்தா தானாகவே வந்து சேரும்போது தலைமை உறுப்பினரை மறந்துவிடக்கூடும். அது வராது போனால் சங்கமே இல்லாது போய்விடும். இவ்விரு ஆபத்துகளையும் தவிர்க்கும் வழி, உறுப்பினர் விரும்பிச் செலுத்துவதும், செலுத்திய உரிமையோடு கேள்வி கேட்பதுமே என நாம் கருதுகின்றோம்.

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது எம் முன்னோர் வாக்கு. வெளிநாட்டு மாணவர் என்பதால் சங்கத்தில் சேரும் உரிமை அங்கு அற்றுப்போவதில்லை. அங்கு செல்லும் எமது இளைஞர்கள் சங்கத்தின் யாப்பையும் ஒப்பந்தத்தையும் படித்து, தமது முடிவைத் தாமே எடுக்கட்டும். ஆனால் பிறர் இழுத்த தேரின் பலனை மட்டும் பெற்றுக்கொள்வதை ஒரு சாமர்த்தியமாக அவர்கள் எண்ணிவிடலாகாது.