சினாடு ஆட்சியும் சபையார் உரிமையும்

பொதுச் சொத்தும் பொது நெறியும் உடைய எக்கூட்டத்தார்க்கும் ஆளுகை ஒன்று இன்றியமையாதது. அவ்வாளுகை ஒருவர் கையில் இருக்கலாம். சிலர் கையில் இருக்கலாம். பலர் கூடிய மன்றத்தின் கையிலும் இருக்கலாம். தமிழ்நாட்டுப் புராட்டஸ்டண்டு கிறிஸ்தவருள் மிகப் பலரைத் தன்னகத்துக் கொண்ட தென்னிந்தியத் திருச்சபை, இம்மூன்றனுள் இறுதியதையே மேற்கொண்டது. சினாடு எனப்படும் மாமன்றமே அச்சபைக்கு முடிந்த முடிபான அதிகாரம் உடையது. அம்மன்றத்தைப் பற்றிய வழக்குகள் அண்மை ஆண்டுகளில் நீதிமன்றப் படியேறினமையால், மன்ற ஆட்சியே கேட்டிற்கு வித்து என்று ஒருசாராரும், அரசோ நீதிமன்றமோ ஏற்று நடத்துவதே நன்று என்று பிறிதொருசாராரும் கூறத் தலைப்பட்டனர். இவ்விரு கூற்றும் பொருந்தாமையைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு சமயத்தாரின் கொள்கையை ஆராய்தல் வேறு; அவர் தம் இல்லத்தை நடத்தும் முறையை ஆராய்தல் வேறு. ஈண்டு எடுத்துக்கொண்டது பின்னையதே. அறச்சொத்தைப் பலர் கூடிக் காக்க வேண்டிய கடமை உடைய யாவர்க்கும் இவ்வாராய்ச்சி பயன்படும்.

இம்மன்ற முறை வந்த வரலாற்றை முதற்கண் அறிதல் வேண்டும். இங்கிலாந்து தேசத்தில் 1534ஆம் ஆண்டு எட்டாம் ஹென்றி மன்னன் தன் நாட்டுத் திருச்சபைக்குத் தானே தலைவன் என்று சட்டஞ் செய்துகொண்டான். அதன்பின் அச்சபையின் ஆளுகை அரசனிடத்தும் பார்லிமெண்டினிடத்தும் தங்கிற்று. குருமார் கூடும் பழைய மன்றங்கள் இருந்தன. ஆயின் அவற்றில் பொதுமக்களுக்கு இடமில்லை. அத்தியட்சர், குருமார், பொதுமக்கள் என்னும் மூவகையாரும் மூன்று அவைகளாக அமர்ந்த பேரவைக்குச் சட்டம் இயற்றும் உரிமை 1919ஆம் ஆண்டிலேதான் கிடைத்தது. அவ்வுரிமையும் முழுவுரிமையன்று. பேரவை இயற்றியதைப் பார்லிமெண்டின் இரு சபைகளும் ஏற்று, மன்னனும் இசைதல் வேண்டும் என்பது விதி. அவ்விதியின் விளைவு 1927 டிசம்பரில் வெளிப்பட்டது. திருத்திய வழிபாட்டு நூலைப் பேரவை நிறைவேற்றி அனுப்ப, காமன்ஸ் சபை 205 வாக்குகளுக்கு எதிராக 238 வாக்குகளால் அதனைத் தள்ளிற்று. மறு ஆண்டு மீண்டும் அனுப்பினர், மீண்டும் தள்ளுண்டது. அத்திருச்சபையைச் சாராதார் பலரும் உறுப்பினராய் இருந்த ஒரு சபை, அத்திருச்சபையார் எங்ஙனம் வழிபட வேண்டும் என்று தீர்ப்பளித்தமை காண்க. 1970இல் அப்பேரவை பொதுச் சினாடு என்னும் புது வடிவம் பெற்ற பின்னும், அதன் சட்டங்கள் பார்லிமெண்டின் வாயிலைக் கடந்தே செல்லவேண்டியிருக்கின்றன.

இந்தியாவின் நிலை இதனினும் இரங்கத்தக்கதாய் இருந்தது. 1813ஆம் ஆண்டுச் சாசனச் சட்டத்தின்படி, 1814இல் கல்கத்தாவில் அத்தியட்ச பீடம் நிறுவப்பட்டது. சென்னைக்கு 1835இல் ஒன்று வந்தது. அத்தியட்சரை நியமித்தது இங்கிலாந்தின் முடி. அவர்க்குச் சம்பளம் அளித்தது இந்தியாவின் வருமானம். 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு மாறியது பாராமகால் நாடு. இன்று போச்சம்பள்ளி அடங்கிய கிருஷ்ணகிரிச் சீமையும் அதன்கண் உள்ளதே. அங்கே மானம் பார்த்த நிலத்தில் ராகி விதைத்த குடியானவன் செலுத்திய தீர்வையும் அவ்வருமானத்தினுள் அடங்கிற்று. தீர்வை செலுத்தியவன் தன்னோடு தொடர்பில்லாத பீடத்திற்குப் பொருள் கொடுத்தான். அப்பீடத்திற்கு உட்பட்ட கிறிஸ்தவனோ தன்னை ஆள்பவரைத் தெரிந்தெடுக்க உரிமையின்றி இருந்தான். பீடம் தோன்றி 98 ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1912 டிசம்பரில், வேதநாயகம் சாமுவேல் அசரியா என்னும் தமிழர் அத்திருச்சபையில் முதல் இந்திய அத்தியட்சரானார்.

1927ஆம் ஆண்டில் இந்தியத் திருச்சபைச் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறிற்று. அதன்படி 1930 மார்ச்சு 1ஆம் நாள் முதல் இந்தியா, பர்மா, இலங்கைத் திருச்சபை தன்னாட்சி பெற்றது. தன் நாட்டுத் திருச்சபைக்கு ஒரு வழிபாட்டு நூலை மறுத்த அதே ஆண்டில், கடல் கடந்த திருச்சபையை அப்பார்லிமெண்டு தன் பிடியினின்றும் விடுத்தது வியப்பே. மகள் பெற்ற உரிமை தாய்க்குக் கிட்டவில்லை. இவ்வுரிமை எளிதில் வந்ததன்று என்பதை மன்ற ஆட்சியை இகழ்வோர் நினைவில் இருத்துக.

இனி, போச்சம்பள்ளி அக்காலத்தில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. அந்த ஜில்லாவில் புராட்டஸ்டண்டுப் பணியில் முற்பட்டு நின்றது லண்டன் மிஷன். அம்மிஷனார் பெரும்பாலும் அத்தியட்சர் ஆட்சியை ஒப்பாதவர். ஒவ்வோர் ஊர்ச் சபையும் தன்னைத் தானே ஆளும் என்னும் கொள்கையினர். அவர் சபைகள் 1908இல் தோன்றிய தென்னிந்திய ஐக்கிய சபையிற் கலந்தன. 1919இல் தரங்கம்பாடியில் கூடிய குருமார் ஒற்றுமைக்கு வழிகோலினர். 28 ஆண்டுகள் வாதாடிய பின்னர், 1947 செப்டம்பர் 27இல், சென்னை ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் ஐக்கிய சபையாரும் ஒருங்கு கூடித் தென்னிந்தியத் திருச்சபை ஆயினர். அத்தியட்சரை ஒப்பாதவர் அத்தியட்சரை ஒப்பினர். ஆங்கிலிக்கர், தம் அத்தியட்சர் மன்றத்தின் விதிக்கு உட்பட்டே ஆளவேண்டும் என்பதை ஒப்பினர். இஃது இருதரத்தார்க்கும் இடையே நிகழ்ந்த உடன்படிக்கை. மன்றத்தின் வலி குன்றுமாயின் அவ்வுடன்படிக்கையின் ஒருபாதி அழிந்ததாகும் என்க.

அதன் அமைப்பு வருமாறு. சேகரத்தார் தம் பிரதிநிதிகளைத் திருமண்டலப் பெருமன்றத்திற்கு அனுப்புவர். பெருமன்றம் குருமாரையும் பொதுமக்களையும் தெரிந்து சினாட்டிற்கு அனுப்பும். பேராயர் பதவிக்குப் பெருமன்றம் சிலர் பெயரைத் தெரிந்து அனுப்ப, அவருள் ஒருவரைச் சினாட்டின் அதிகாரத்தார் நியமிப்பர். பிரதமப் பேராயரைச் சினாடு தெரிந்தெடுக்கும். அமைப்பு விதிகளைத் திருத்த வேண்டின், சினாட்டின் இசைவு மட்டும் போதாது. திருமண்டலங்களுள் மூன்றில் இரண்டு பங்கு அதனை ஏற்றல் வேண்டும். இவ்வமைப்பு செவ்விதே. இதன்மேல் எழும் தடைகளை இனி ஒவ்வொன்றாக நோக்குவோர் அவற்றின் வலியின்மையை உணர்வர்.

முதற்றடை: உண்மையைத் தலையெண்ணித் துணிதல் ஆகுமோ? பலர் கை தூக்கினால் பொய் மெய்யாகுமோ? ஆகாது என்பது மெய்யே. ஆயின் மன்றம் உண்மையைப் படைப்பதாக எவரும் கூறிற்றிலர். யார் எப்பணியைச் செய்வது, எப்பொருளை எதற்குச் செலவிடுவது, எவ்வொழுங்கில் நடப்பது என்பவற்றைத் துணிதலே மன்றத்தின் தலையாய தொழில். இவற்றைப் பலர் துணிதல் கூடாதெனின், ஒருவர் துணிதல் எங்ஙனம் கூடும்? ஒருவர்க்கு வரும் மயக்கத்தினும் பலர்க்கு ஒருங்கே வரும் மயக்கம் அரிதன்றோ? அன்றியும், 325ஆம் ஆண்டு நிசேயா நகரில் அத்தியட்சர் கூடிய மன்றத்தின் முடிபையே இத்தடை கூறுவோரும் தம் கொள்கைக்கு அடிப்படையாகக் கொள்கின்றனர். மன்றத்தின் முடிபில் நின்றுகொண்டே மன்றத்தைப் பழித்தல், ஏறிய கிளையை வெட்டுதலாம்.

மன்றம் சிறுபான்மையோரை நசுக்கும் என்பதும் அடாது. இங்கிலாந்தின் பொதுச் சினாட்டில் பெண்டிர் அத்தியட்சராதலைப் பற்றிய சட்டம் 2012 நவம்பரில் வந்தது. மூன்று அவைகளிலும் தனித்தனியே மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பது விதி. அத்தியட்சரும் குருமாரும் பெருவாரியாக ஏற்றனர். பொதுமக்கள் அவையில் 132 பேர் ஏற்க, 74 பேர் மறுத்தனர். ஆறு வாக்குகள் குறைந்தமையால் சட்டம் வீழ்ந்தது. மறுத்தவர் அச்சம் தீர வழிகாணப்பட்டு, 2014 ஜூலையில் அது நிறைவேறிற்று. இடையில், 2013இல், தென்னிந்தியத் திருச்சபை நந்தியால் திருமண்டலத்திற்கு ஒரு பெண்மணியைப் பேராயராக்கி முந்திக்கொண்டது. ஓரிடத்து மன்றம் பொறுத்து நடந்தது. ஓரிடத்து மன்றம் விரைந்து நடந்தது. இரண்டும் மன்றத்தால் ஆயினவேயன்றி, ஒருவர் ஆணையால் ஆயினவல்ல.

இரண்டாந்தடை: மன்றம் கட்சியை வளர்க்கும், தேர்தல் பகையை வளர்க்கும், ஆதலால் எல்லாவற்றையும் பேராயர் கையில் விடுதலே அமைதிக்கு வழி. இக்கூற்றின் பொய்ம்மை வெளிப்படை. மிஷனாரே பணப்பையை வைத்திருந்த நாளில் கணக்குக் கேட்பார் இலர். ஆதலின் கலகமும் இலது. வாய் மூடியிருத்தல் வேறு, அமைதி வேறு. கட்சி வளர்வதற்குக் காரணம் மன்றம் கூடுவதன்று. கூடியவர் தாம் எவர் சார்பில் கூடினர் என்பதை மறத்தலே. சேகரத்தினின்று பெருமன்றம், பெருமன்றத்தினின்று சினாடு, சினாட்டினின்று தலைமை என்று அதிகாரம் மேலேறிச் செல்லச் செல்ல, அடியில் நிற்பவன் குரல் மெலிகின்றது. ஏரியில் நீர் நிறைந்திருந்தும் வாய்க்கால் தூர்ந்தமையால் கடைமடை காய்வது போல்வது இது. வாய்க்காலைத் தூர் வாராமல் ஏரியை உடைத்துவிடுக என்பவரை எவ்வூரார் கேட்பர்?

இதற்குச் சான்று 2022ஆம் ஆண்டு நிகழ்ச்சி. பேராயர் ஓய்வு பெறும் வயதை 67இலிருந்து 70 ஆக உயர்த்தும் திருத்தம் அவ்வாண்டு சினாட்டில் கொணரப்பட்டது. திருமண்டலங்கள் அதனை முறைப்படி ஏற்றனவா என்பது வழக்காயிற்று. 70 வயதுவரை ஒருவர் பணிபுரிதல் தகுமா, தகாதா என்பது ஈண்டு வினாவன்று. தக்கவர் பலர் உளர். ஒரு பதவியின் கால எல்லையை நீட்டும் விதி, அப்பதவியில் அமர்ந்திருப்போர்க்கே உடனே பயன்படுமாறு செய்யப்படலாமா என்பதே வினா. போச்சம்பள்ளியில் ஞாயிறுதோறும் வாரச்சந்தை கூடுகின்றது. ஆடு மாடும் தானியமும் காய்கறியும் அங்கே கைமாறுகின்றன. விற்பவனே படிக்கல்லையும் செய்துகொண்டு வந்தால், அவன் நேர்மையுடையவனே ஆயினும், அச்சந்தையில் அவனிடம் வாங்குவார் இரார். நிறை சரியாக இருத்தல் மட்டும் போதாது. படிக்கல் பிறர் செய்ததாகவும் இருத்தல் வேண்டும். சந்தைக்கு வரும் சாமானியர் அறிந்த இந்நீதி, மாமன்றத்தில் அமர்ந்த சான்றோர்க்குப் புலப்படாமற் போகலாகாது.

மூன்றாந்தடை: மன்றம் பழுதுபட்டமையால் நீதிமன்றமோ அரசோ திருச்சபையை நடத்துக. 2024 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்து அமர்வு ஒன்று, ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நிர்வாகப் பொறுப்பில் நியமித்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. இதனைக் கண்டு மகிழ்ந்தாரும் உளர். சமயத்துள் நீதிமன்றம் புகுவதோ என்று சினந்தாரும் உளர். இருவரும் தவறினர். இத்திருச்சபையின் சொத்தைக் காக்கும் அறநிலையச் சங்கம், திருச்சபை பிறப்பதற்கு முந்திய நாளாகிய 1947 செப்டம்பர் 26இல், கம்பெனிச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்டது. நாட்டின் சட்டத்தை நிழலாகக் கொண்டு சொத்தைக் காத்தவர், அச்சட்டம் கணக்குக் கேட்கும்போது சமயத்தைத் திரையாக இட்டு மறைதல் நேர்மையன்று. வழக்கிட்ட சபையாரைத் துரோகிகள் என்பதும் தகாது. வீட்டில் கேளாச் செவியரை வீதியில் முறையிடச் செய்தவர் வீட்டாரேயன்றோ?

ஆயினும் நீதிபதி மருத்துவன் போல்வான். நோயுற்றபோது அவன் வேண்டும். நோய் தீர்ந்தபின் அவனே உணவு சமைத்து ஊட்டுக என்பது பேதைமை. 1927இல் காமன்ஸ் சபை செய்த தீர்ப்பின் கசப்பை அறிந்தோர், சபைக்குப் புறம்பான அதிகாரத்தின் கீழ் நெடுங்காலம் இருக்க விரும்பார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் அயல்முடியின் கீழ் இருந்து பெற்ற தன்னாட்சியை, உள்வீட்டுப் பூசலால் வேறொரு வாயிலில் ஒப்படைத்தல் முன்னோர் உழைப்பை வீணாக்குதலாகும்.

ஆதலின் செய்யத்தக்கன யாவை? சேகரத்தின் கணக்கு மட்டுமன்றித் திருமண்டலத்தின் கணக்கும் சினாட்டின் கணக்கும், ஆண்டுதோறும் ஒவ்வொரு சேகரத்திலும் தமிழில் வாசிக்கப்படுதல் வேண்டும். பதவிக்காலத்தை நீட்டும் எவ்விதியும், அதனைச் செய்த காலத்துப் பதவியில் இருப்பவர்க்குப் பயன்படலாகாது. அமைப்பு விதியில் திருத்தம் வரின், அதன் வாசகம் திருமண்டலம் கூடுவதற்குப் பல வாரங்கள் முன்பே சேகரத்தார் கையில் இருத்தல் வேண்டும். வாக்கின் எண்ணிக்கை மறைவின்றி வெளிவருதல் வேண்டும். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் தொழிற்பேட்டைகள் எழுந்தபின், முறைவேலைக்குச் செல்லும் ஆணும் பெண்ணும் எத்துணையர்! கூலியை இழந்தாலன்றி மன்றத்தில் அமர இயலாது என்னும் நிலை இருக்குமளவும், பொதுமக்கள் பிரதிநிதி என்னும் பெயரில் ஓய்வும் செல்வமும் உடையாரே அமர்வர். ஆதலின் கூட்டம் கூடும் நாளும் நேரமும் உழைப்பவர்க்கு இயைய அமைதல் வேண்டும். அவர்க்கு வழிச்செலவும் அளித்தல் வேண்டும்.

இவை செய்தற்கரியன அல்ல. செய்ய மனமின்மையே அரிதாக்குகின்றது. அத்தியட்சரை மன்றம் கட்டுப்படுத்தும் என்று 1947இல் உடன்பட்டனர். அம்மன்றத்தைக் கட்டுப்படுத்துவது யாதென்று அந்நாளில் எவரேனும் வினவியிருப்பின், சேகரத்தார் என்பதே விடையாய் இருந்திருக்கும். சேகரத்தில் ஞாயிறுதோறும் காணிக்கைத் தட்டில் பத்து ரூபாய் இடும் கூலிக்காரப் பெண்மணி, அப்பத்து ரூபாய் சென்ற வழியைக் கேட்டு அறியக் கூடுமாயின், அத்திருச்சபை தன்னைத் தானே ஆள்கின்றது. அவள் கேட்டற்கு அஞ்சுவாளாயின், சினாடு எத்துணைச் சிறப்பாகக் கூடினும், அங்கே தன்னாட்சி இல்லை என்பது தேற்றம்.