மதியம் தின்ற நெய், இரவில் ரத்தத்தில்

கல்யாண விருந்து முடிந்து மூன்று, நான்கு மணி நேரம் கழித்து ஒருவரிடம் ரத்தம் எடுத்து, சோதனைக் குழாயில் நிறுத்தி வைத்தால், மேலே தெளியும் நீர் பால் போலக் கலங்கித் தெரியலாம். கொழுப்புப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லும் வழக்கம் பிறந்தது இதனால்தான்.

இந்தப் 'பாலை'க் கண்டுபிடித்தவர் இத்தாலிய மருத்துவர் காஸ்பரே அசெல்லி. 1622-ல் மிலான் நகரில், வயிறு புடைக்கத் தின்றிருந்த நாய் ஒன்றை அறுத்தபோது குடலைத் தாங்கும் சவ்வில் வெள்ளை நூல்களைக் கண்டார். நரம்பு என்று நினைத்துக் கீறினார். வழிந்ததோ பால் போன்ற திரவம். பட்டினி கிடந்த நாயில் அந்த நூல்கள் தெரியவே இல்லை.

நெய்யும் நீரும் ஒட்டாது. எனவே பித்தநீர் சோப்பைப் போலக் கொழுப்பைச் சிறு துளிகளாக்குகிறது. கணையநீர் அதை உடைக்கிறது. சிறுகுடல் செல்கள் அந்தத் துண்டுகளை உறிஞ்சி, மறுபடி கொழுப்பாக ஒட்டி, புரத உறை போட்டு 'கைலோமைக்ரான்' என்ற பொட்டலங்களாகக் கட்டுகின்றன. சர்க்கரை நேராகக் கல்லீரல் என்ற சோதனைச் சாவடிக்குப் போகிறது. இந்தப் பொட்டலங்களோ நிணநீர்க் குழாய் வழியாக, கழுத்தடியில் ரத்தத்தில் கலக்கின்றன.

எல்லாம் உடனே போவதில்லை. ஒரு பகுதியைக் குடல் இருப்பு வைத்து, அடுத்த வேளை உணவின்போது அவிழ்த்து விடுகிறது. மதியத்து நெய் இரவுச் சாப்பாட்டோடு ரத்தத்துக்கு வருவது இப்படித்தான்.

சிக்கல் இங்கேதான். இன்சுலினுக்கு உடல் சரியாகப் பணியாதபோது குடல் அளவுக்கு மீறிப் பொட்டலங்களைக் கட்டுகிறது. ரத்தத்திலிருந்து அவை அகலுவதும் தாமதமாகிறது. மிச்சம் மீதி ரத்தக்குழாய்ச் சுவரில் படிகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று மதிப்பிட்டது. ரத்தக் கொழுப்பில் ஏதேனும் கோளாறு உள்ளவர்கள் நூற்றுக்கு 81 பேர்.

குடல் வெறும் குழாய் அல்ல, சுரப்பியும்கூட. கொழுப்பு வந்து தொட்டதும் அது சுரக்கும் ஹார்மோன்கள் இரைப்பையை மெதுவாக்கி, 'போதும்' என்று மூளைக்குச் சொல்கின்றன. அவற்றில் ஒன்றான ஜிஎல்பி-1-ஐப் போலச் செயல்படுபவைதான் இன்று எடைக் குறைப்புக்குப் பரபரப்பாக விற்கும் ஊசிகள்.

ஊசி எல்லாருக்கும் தேவையில்லை. வெந்தயம், பயறு, ஓட்ஸ் ஆகியவற்றின் நார்ச்சத்து பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றுகிறது. இழப்பை ஈடுகட்டக் கல்லீரல் ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துச் செலவழிக்கிறது. விருந்துக்கு முதல் நாள் வேகமாக நடந்தாலே, சாப்பிட்ட பின் ஏறும் கொழுப்பு குறைகிறது. நெய்யைக் குறைத்துவிட்டு இனிப்பையும் வெள்ளைச் சோற்றையும் கூட்டுவதில் மட்டும் லாபமில்லை. மிஞ்சிய மாவுச்சத்தைக் கொழுப்பாக்கக் கல்லீரலுக்கு நன்றாகவே தெரியும்.