மாயக் கடையும் மெய்யான முதலும்

தோழர்களே! ஏழைப் பிள்ளைகளுக்குத் தொழில் தொடங்கி நடத்தும் வித்தையைக் கற்பிக்க "மெய்நிகர்" கருவி என்று ஒன்றைச் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். கண்ணை மறைத்து மாட்டிக்கொண்டால் எதிரே கடை தோன்றும், வாடிக்கைக்காரர் வருவார், பிள்ளை விலை பேசலாம், கணக்குப் பார்க்கலாம், நஷ்டமானாலும் கைக்காசு போகாது. இது விஞ்ஞானத்தின் பயன். பகுத்தறிவுக்காரர்களாகிய நாம் இதை வேண்டாமென்று சொல்லமாட்டோம். பாங்கி வாசற்படியை மிதித்தறியாத வீட்டுப் பெண்ணொருத்தி, மானேஜர் எதிரில் உட்கார்ந்து கூச்சமின்றிப் பேசப் பழகுவாளானால் அது நல்லதேயாகும்.

ஆனால் நாம் கேட்பதெல்லாம், கருவியைக் கழற்றிய பின் அவளுக்கு என்ன மிஞ்சுகிறது என்பதுதான். முதல் உண்டா? ஜாமீனுக்கு ஆள் உண்டா? கடைத்தெருவில் இடம் விடுகிறவன் ஜாதி விசாரிக்காமல் விடுவானா? சேரிப் பெண் பலகாரக் கடை வைத்தால் ஊரார் வாங்கித் தின்பார்களா?

உலகமே மாயை என்று நமக்கு உபதேசித்தவர்கள், தங்கள் நிலத்தையும் மானியத்தையும் மாத்திரம் மாயை என்று விட்டுக்கொடுத்ததுண்டா? அதுபோல, மாயக் கடை ஏழைக்கும் மெய்க்கடை பணக்காரன் மகனுக்கும் என்றால் இது புது வேதாந்தமேயல்லாமல் வேறென்ன?

இக்கருவியின் கதையையே பாருங்கள். இவ்வகையில் பேர்பெற்ற ஆக்குலஸ் கருவிக்காக அமெரிக்காவில் 2012-ல் பொதுமக்களிடமிருந்து 24 லட்சம் டாலருக்குமேல் திரட்டினார்கள். 2014-ல் பேஸ்புக் கம்பெனி சுமார் 200 கோடி டாலருக்கு அதை வாங்கியது. கருவி செய்தவருக்கே முதல் வேண்டியிருந்தது. அதை மாட்டிக்கொள்ளும் ஏழைக்கு மாத்திரம் திறமை போதுமாம்!

நாளை அப்பிள்ளை தோற்றால் என்ன சொல்வார்கள்? முன்பு "தலையெழுத்து" என்றார்கள். இனி "கற்றுக்கொடுத்தும் ஊக்கமில்லை" என்பார்கள். பழி இரண்டிலும் ஏழையின் தலையில்தான்.

டில்லி அரசாங்கப் பள்ளிகளில் 2021-ல் 11, 12-ம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தலைக்கு 2,000 ரூபாய் முதல் கொடுத்து, மெய்யாகவே வியாபாரம் செய்துபார்க்கும் திட்டம் தொடங்கினார்கள். தொகை சிறிதுதான், ஆனாலும் அது கையில் தொட்ட காசு.

ஆகவே தோழர்களே, உங்கள் ஊர்ப் பள்ளிக்கு இக்கருவி வந்தால் தாராளமாய் வரவேற்றுக் கொள்ளுங்கள். கூடவே, முதல் எங்கே, ஜாமீன் கேட்காத கடன் எங்கே, சந்தையில் எங்கள் பிள்ளைக்கு இடம் எங்கே என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், நம் கண்ணைக் கட்டும் பழைய வித்தைகளில் இதுவும் ஒன்று என்று தெரிந்துகொள்ளுங்கள்.