தவிட்டோடு போகும் மெக்னீசியம்



பசுமைப் புரட்சிக்குப் பின் நம் நாட்டு உணவில் கேழ்வரகும் கம்பும் சோளமும் குறைந்துகொண்டே வந்தன. அந்த இடத்தைத் தீட்டிய அரிசி பிடித்தது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 146 மில்லிகிராம் மெக்னீசியம் உண்டு. தீட்டிய அரிசியில் 20 மில்லிகிராம் அளவே தேறும். அரிசியில் இருந்த மீதி மெக்னீசியம் தீட்டும்போது தவிட்டோடு போய்விடுகிறது. வளர்ந்த ஆணுக்கோ நாளொன்றுக்கு 440 மில்லிகிராம் தேவை என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை.

ரேஷனில் வந்த செறிவூட்டிய அரிசியில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்தார்கள். மெக்னீசியம் சேர்க்கவில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

இந்தக் குறை எவ்வளவு என்று முதலில் தெரிய வேண்டும். அமெரிக்க வேளாண் துறை, 1909 தொடங்கி ஆளுக்கு எவ்வளவு மெக்னீசியம் கிடைத்தது என்று கணக்கிட்டிருக்கிறது. நம் அரசும் ஆண்டுதோறும் அப்படிக் கணக்கிட்டு வெளியிட வேண்டும். நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் தொடங்கிய கேழ்வரகு விநியோகத்தை எல்லா மாவட்டங்களுக்கும் விரிவுபடுத்த வேண்டும்.

– வாசகர், கிருஷ்ணகிரி