நல்ல பிள்ளை டவுனுக்கு வந்தா "வீக்" பிள்ளையா?

கூச்ச சுபாவம் நோய் அல்ல. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

கிராமத்துல இருந்து டவுனுக்கு குடி வந்து ஆறு மாசத்துல "கிளாஸ்ல கை தூக்க மாட்டேங்குறான், யாரோடயும் சேர மாட்டேங்குறான், மிஸ் டாக்டர்கிட்ட காட்டச் சொன்னாங்க"ன்னு கூட்டிட்டு வர்ற பெற்றோர் நிறைய பேர். ஊர்ல எப்படி இருந்தான்னு கேட்டா, "அங்க இவன்தான் சார் நல்ல பிள்ளை" என்பார்கள்.

பிள்ளை அதே பிள்ளைதான். அளக்கிற படி மாறிடுச்சு.

சுபாவம் பிறந்த சில மாதங்களிலேயே தெரிய ஆரம்பிக்கும். ரெண்டு பிள்ளை பெத்த அம்மாக்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம். ஒரே வீடு, ஒரே வளர்ப்பு, ஆனா ரெண்டும் ரெண்டு திசை.

1956ல் நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதி கைக்குழந்தைகளை வருடக்கணக்கில் பின்தொடர ஆரம்பித்தார்கள். சுமார் 40% பிள்ளைகள் எளிதில் சமாளிக்கக் கூடியவர்கள். 10% அடம். 15% புது ஆள், புது இடம்னா மெதுவா பழகுறவங்க. மீதி கலவை. சுபாவமும் சூழலும் எவ்வளவு பொருந்திப் போகுதுங்கறதுதான் முக்கியம் என்றார்கள் இருவரும்.

இதை சீனாவில் அழகா பார்க்கலாம். ஷின்யின் சென் என்ற ஆய்வாளரின் குழு ஷாங்காய் பள்ளிப் பிள்ளைகளை வெவ்வேறு வருடங்களில் ஆராய்ந்தது. 1990ல் கூச்சமான பிள்ளையை சக மாணவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், படிப்பும் நல்லா இருந்தது. 2002ல் அதே ஊர், அதே கூச்சம். ஆனா ஒதுக்கப்பட்டார்கள், மனச்சோர்வும் தெரிந்தது. நடுவுல சந்தைப் பொருளாதாரம் வந்து, "முந்திக்கிட்டுப் பேசு" என்பது தகுதியாகிவிட்டது.

அதே குழு 2009ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். நகரப் பிள்ளைகளிடம் கூச்சம் ஒதுக்கப்படுவதோடும் மனச்சோர்வோடும் சேர்ந்து வந்தது. கிராமத்தில் இருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளைகளிடமோ நல்ல படிப்போடும் தலைமைப் பண்போடும் சேர்ந்து வந்தது!

அடம்பிடிக்கிற குழந்தைக்கும் இதே கதைதான். 1970களில் கென்யாவில் மசாய் மக்களிடையே கடும் வறட்சி. டிவ்ரீஸ் என்ற மருத்துவர் பார்த்ததில் சாதுவான 7 கைக்குழந்தைகளில் 5 இறந்துவிட்டன. அழுது அடம்பிடித்த 6 குழந்தைகளில் ஒன்றுதான் இறந்தது. எண்ணிக்கை ரொம்ப சின்னது, இதை வைத்து சட்டம் போட முடியாது. ஆனாலும் அழுற பிள்ளைக்குத்தான் பால்னு நம்ம ஊர்லயும் சொல்றது சும்மா இல்ல.

அதனால "இவன் பேசவே மாட்டான் சார்"னு பிள்ளை முன்னாடியே சொல்லாதீங்க. கூச்சம் போகணும்னு மேடையில தள்ளி விடாதீங்க. ஒரே ஒரு நண்பனை வீட்டுக்கு வரச் சொல்லுங்க, போதும். ஊர்ல மரம் ஏறித் திரிஞ்ச பிள்ளை ரெண்டு ரூம் வீட்டுல சோபா மேல குதிச்சா உடனே "ஹைப்பர்"னு முத்திரை குத்தாதீங்க, முதல்ல தினமும் ஒரு மணி நேரம் ஓட விடுங்க.

இதுக்காக கிராமத்தைத் தூக்கி வைத்துப் பேசுறேன்னு நினைக்காதீங்க. எனக்கு அதிக கவலை தருவது அங்கேதான். "அடக்கமான பொண்ணு"ன்னு பாராட்டியே, காது கேட்காததைக்கூட வருடக்கணக்கில் கவனிக்காம விட்டுடறோம்.

பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பாத குழந்தை, ஒன்றரை வயசுலயும் விரல் நீட்டிக் காட்டாத குழந்தை, ரெண்டு வயசாகியும் ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசாத குழந்தை, பேசிக்கிட்டு இருந்து நின்னு போன குழந்தை... இதெல்லாம் சுபாவம் இல்லைங்க. வீட்டுல நல்லா பேசுற பிள்ளை பள்ளியில மாசக்கணக்கா ஒரு வார்த்தைகூட பேசலைன்னாலும் காட்டணும்.

காது பரிசோதனையில் ஆரம்பிங்க. மாவட்ட அரசு மருத்துவமனையில் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே இருக்குன்னு கேளுங்க. அங்க இதெல்லாம் இலவசமா பார்ப்பாங்க.