வலி பொய்யல்ல!

பத்தாண்டு மூட்டை சுமந்த முதுகு. நாளெல்லாம் எந்திரத்தின் முன் நின்ற கால். இரவு பாயில் சாய்ந்தால் உறக்கம் இல்லை. எரிகிறது, குத்துகிறது, மரத்துப் போகிறது. ஒரு நாள் கூலியை இழந்து, மருத்துவமனை வரிசையில் நின்று, சீட்டு வாங்கி, மருந்துக் கடைக்குப் போகிறான் தொழிலாளி. கடைக்காரர் சீட்டைப் பார்க்கிறார். ஆளையும் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். "இது மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரை ஆயிற்றே!" என்கிறார்.

தொழிலாளியின் முகம் வாடுகிறது. "முதுகு வலிக்கிறது என்றேன், மூளையில் கோளாறு என்று முடிவு கட்டிவிட்டார்களா?" என்று மனம் புழுங்குகிறான். மாத்திரை மூலைக்குப் போகிறது. வலி வீட்டோடு தங்கிவிடுகிறது.

இதற்கு யார் பொறுப்பு? மருந்தை எழுதியவர், ஏன் எழுதினோம் என்று இரண்டு வார்த்தை சொல்லாததே காரணம்! ஆகவே நாம் சொல்கிறோம்.

வலிச் செய்தி நரம்பு வழியே முதுகுத் தண்டுக்கும், அங்கிருந்து மூளைக்கும் ஏறுகிறது. ஏறும் பாதை மட்டுமா உண்டு? இறங்கும் பாதையும் உண்டு. "போதும், அடங்கு!" என்று மூளை அந்தப் பாதையில் கட்டளை அனுப்புகிறது. செரோட்டோனின், நார்அட்ரினலின் என்னும் இரு வேதிப்பொருள்கள் அக்கட்டளையைச் சுமக்கும் தூதர்கள். நாட்பட்ட வலியில் இந்தத் தடுப்பு தளர்ந்து போவதுண்டு. வெளிவந்த தூதரை நரம்பு உடனே திரும்ப இழுத்துக்கொள்ளாமல் தடுப்பதே இம்மருந்துகளின் வேலை. மனச்சோர்வு இல்லாதவருக்கும் வலி தணிவது இதனால்தான்.

அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரையை வலிக்கு 10 அல்லது 25 மில்லிகிராம் அளவில் இரவில் தொடங்குகிறார்கள். மனச்சோர்வுக்கு வேண்டிய அளவு பொதுவாக அதைவிடப் பல மடங்கு. நோக்கம் வேறு என்பதற்கு இதுவே சான்று! மனச்சோர்வும் ஒரு நோய்தான். அதற்கு மருந்து உண்பதும் இழிவல்ல என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

அதற்காக, மாத்திரையை மாயக்கோல் என்று எண்ணிவிட வேண்டாம். 2023-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வு, 176 சோதனைகளையும் ஏறத்தாழ 29 ஆயிரம் நோயாளிகளையும் எடை போட்டுப் பார்த்தது. நம்பத்தக்க சான்று வலுவாக இருந்தது டுலாக்செட்டின் என்ற மருந்துக்கே. பரவலாக எழுதப்படும் அமிட்ரிப்டிலின் பயன்படாது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. பயன்படும் என்று அறுதியிட்டுச் சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. சோதனைகளும் சராசரியாகப் பத்து வாரமே நடந்தன. தொழிலாளியின் வலியோ பத்து ஆண்டு!

எனவே கேட்டுத் தெளிந்து உண்ணுங்கள். அமிட்ரிப்டிலின் தூக்கத்தைத் தரும். காலையிலும் அந்த மயக்கம் நீடிக்கலாம். லாரி ஓட்டுபவரும், சாரம் ஏறுபவரும், கடைசல் எந்திரத்தில் கை வைப்பவரும் தம் தொழிலை மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும். வாய் உலரும், மலம் கட்டும். இதய நோயோ சிறுநீர்த் தடையோ இருந்தால் மறைக்கக் கூடாது. டுலாக்செட்டின் குமட்டலைத் தரலாம். மதுவும் அதுவும் சேர்ந்தால் ஈரலுக்குக் கேடு. வேறு வலி மாத்திரை உண்பதையும் சொல்லிவிட வேண்டும். பலன் தெரியச் சில வாரம் ஆகும். நிறுத்துவதானாலும் திடீரென்று நிறுத்தாமல், மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. சீட்டைக் கண்ட மேலாளர் நாளை சொல்வார்: "உனக்கு வலியில்லை அப்பா, மனக்குறைதான்!" இடிந்து போகாதீர்கள். நரம்பைத் தணிக்கத் தந்த மருந்து, வலி உண்டு என்பதற்குத்தான் சாட்சி. இல்லை என்பதற்கு அல்ல!

மாத்திரை நரம்பை அடக்கலாம். மூட்டையின் எடையைக் குறைக்காது. நிற்கும் நேரத்தைக் குறைக்காது. அவற்றைக் குறைப்பது மருந்துக் கடையின் வேலையன்று. மன்றாடியும் போராடியும் நாம் பெற வேண்டியது. மருத்துவர் விளக்கம் தரட்டும். ஆலை ஓய்வு தரட்டும். தொழிலாளியின் வலி பொய்யல்ல!